அவுக வேற, நாம வேற

மாப்ள, ஒங்கப்பன் சொன்னதுல குத்தம் ஒண்ணுமில்ல. "அவுக வேற, நாம வேற"ன்னாரு, அம்புட்டுத்தானே? அதுக்குப் போயி ரெண்டு நாளா சோறு திங்காம ஒங்க ஆத்தாவ அழ வச்சுக்கிட்டு இருக்க. அவ என் தங்கச்சி, அழுதா எனக்குத்தான் போன் வரும். வேறன்னா என்ன, எப்ப வேறயாகும், எத்தனை காலம் புடிக்கும், இதெல்லாம் மச்சானுக்குத் தெரியாது. காலேஜு முடிச்ச ஒனக்கும் தெரியல. உக்காரு, சொல்றேன். மொதல்ல அந்தச் செல்லைக் கவுத்து வை.

எனக்கு எப்படித் தெரியும்னு பாக்காத. கமிஷன் கடையில பூவை எடை போட்டுச் சீட்டுத் தர்ற வரைக்கும் சும்மாதானே குந்தியிருக்கணும். நாலு பேரு மழையப் பத்திப் பேசுவாக, நாலு பேரு கட்சியப் பத்திப் பேசுவாக. நான் பூக்கட்ட வச்சிருக்க பழைய பேப்பரைப் படிச்சுருவேன்.

ஒங்கப்பன்கிட்ட பரிணாமம்னு வாயெடுத்தா மொதக் கேள்வி என்ன வரும் தெரியுமா? "கொரங்கு மனுசனானதை எவன் பாத்தான்?" இதை அவரு மட்டும் கேக்கல. 2018 ஜனவரியில டெல்லியில மந்திரியா இருந்த ஒருத்தரே கேட்டாரு, நம்ம முன்னோர் யாரும் அப்படிப் பாத்ததாச் சொல்லலையேன்னு. அவரு மந்திரியாகுறதுக்கு முன்னாடி பம்பாயில போலீஸ் கமிஷனரு. கண்ணால பாத்த சாட்சி இருந்தாத்தான் கேஸுன்னா, கைரேகைக்கு ஒரு ஆபீஸு எதுக்குன்னு நான் கேக்க மாட்டேன், நமக்கேன் வம்பு. 2023ல மத்திய பாடப்புத்தகக்காரக பத்தாம் வகுப்புலேர்ந்து பரிணாமத்தையே தூக்கிட்டாக. நம்ம சமச்சீர்ப் புத்தகத்துல இருக்கு. நீதான் பரீட்சைக்கு வராதுன்னு அந்தப் பாடத்தை விட்டுட்ட.

கொரங்கு நமக்கு அப்பன் இல்லடா, பங்காளி. சிம்பன்சிக்கும் நமக்கும் பாகம் பிரிஞ்சு 60, 70 லட்சம் வருசம் இருக்கும். நம்ம தோப்புல எளநியத் திருகிப் போடுற நாட்டுக் கொரங்கு இன்னும் தூரத்துப் பங்காளி, ரெண்டரைக் கோடி வருசத்துக்கு மேல. பங்காளி வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு, "இவன் ஏன் இன்னும் நானா மாறல"ன்னு கேட்டா அவன் என்ன சொல்லுவான்? அவன் அவனாத்தான் மாறிக்கிட்டு இருக்கான்.

பாக்கணும்னா நம்ம மல்லியக் கொல்லையில பாரு. மொட்டுப்புழுவுக்கு மருந்து அடிக்கிறோம். மொத வருசம் கொத்துக் கொத்தா விழுகும். அடுத்த வருசம் பாதி விழுகும். அதுக்கடுத்த வருசம் ஒங்கப்பன் மருந்துக் கடையில நின்னு "மருந்து கேக்கலப்பா, கலப்படமா"ன்னு சண்டை போடுவாரு. மருந்து அதே மருந்துதான், புழுதான் அந்தப் பழைய புழு இல்ல. ஆயிரத்துல ரெண்டு புழுவுக்குப் பொறவியிலேயே அந்த வெசத்தை முறிக்கிற சக்தி இருந்துருக்கும். மத்ததெல்லாம் செத்துப் போக, அந்த ரெண்டு மட்டும் முட்டை வைக்கும். இப்ப கொல்லையில இருக்கறது பூராம் அதுக புள்ளைக. புழு எதையும் கத்துக்கல, தாக்குப் புடிக்காத புழுவெல்லாம் போய்ச் சேந்துருச்சு, அம்புட்டுத்தான். பருத்தியிலயும் இதே கதைதான். காய்ப்புழு தாங்காதுன்னு பிடி பருத்திய நம்ம நாட்டுல 2002ல விட்டாக. 2010ல குஜராத்துல இளஞ்செவப்புக் காய்ப்புழுவுக்கு மொத ரகம் கேக்கலன்னு வித்த கம்பெனியே ஒத்துக்கிருச்சு. எட்டு வருசம். ஒங்கப்பன் கொல்லை வரப்புத் தகராறு அதைவிட அதிக நாளா நடக்குது.

ஒடனே "வல்லவன் பொழைப்பான், மத்தவன் சாவான், அதான் மாமா பரிணாமம்"னு ஸ்டேட்டஸ் போட்டுறாத. அதே 2018, நவம்பர் 16 விடியக்காலையில கஜாப் புயல் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? என் வயசுத் தென்னை சாஞ்சுச்சு, நேத்து வச்ச கன்னும் போச்சு. நல்லாக் காய்ச்ச மரம் விழுந்துச்சு, பட்டுப்போன மொட்டை மரம் நின்னுச்சு. நின்னதெல்லாம் வல்லமையிலயா நின்னுச்சு? பாதி, காத்து எந்தப் பக்கம் திரும்புச்சுங்கறது. உசுருக விசயத்துலயும் குருட்டு அதிர்ஷ்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு கூட்டத்துல நெறையச் செத்து நாலஞ்சு மட்டும் தப்புச்சுன்னா, அந்த நாலஞ்சோட மூக்கும் முழியும்தான் பின்னால வர்ற எல்லாத்துக்கும். அது நல்ல மூக்காங்கறது வேற கேள்வி. நம்ம வகையறா மூக்கைப் பாத்தாலே ஒனக்குப் புரியும்.

ஆனா மாப்ள, மருந்து கேக்காத மொட்டுப்புழுவும் மொட்டுப்புழுதான். மாறுறது வேற, பிரியறது வேற. ஒரு இனம் எப்ப ரெண்டாகும்? பொண்ணு குடுத்து எடுக்குறது நின்னாத்தான் ஆகும். கொள்வினை கொடுப்பினை இருக்க வரைக்கும் இந்த வீட்டுல வந்த மாத்தம் அந்த வீட்டுக்கும் போயிச் சேந்துரும், ரெண்டும் ஒரே வகையறாவாத்தான் இருக்கும். அது நின்னுபோச்சுன்னா, அவனவன் ஊரு வெயிலுக்கும் மழைக்கும் தீனிக்கும் ஏத்தாப்புல அவனவன் ஒரு பக்கமாப் போவான். எந்தக் காரணமும் இல்லாமச் சும்மாவும் கொஞ்சம் போவான். காலம் போகப் போக, அவன் கூப்பிடுற கூப்பாடு இவளுக்குப் புரியாது. புரிஞ்சாலும் கரு தங்காது. தங்கிப் பொறந்தாலும் கோவேறு கழுதை மாதிரி அதோட நின்னுரும். அப்பச் சொல்லலாம், அவுக வேற, நாம வேறன்னு. மச்சான் அதைக் கல்யாணப் பேச்சு எடுத்த மொத நாளே சொல்லிட்டாரு, அவசரக்காரரு.

நீ கட்டணும்னு நிக்கிற புள்ளைக்குத் தென்காசிதானே ஊரு? நல்லதாப் போச்சு, அந்த வழியாவே போவோம். தென்காசிக்கு மேக்க மலைத்தொடர் ஓரிடத்துல ஒடைஞ்சு எறங்கும், அது செங்கோட்டைக் கணவாய். கோயம்புத்தூருக்கு மேக்க இன்னொண்ணு, பாலக்காட்டுக் கணவாய், 30, 40 கிலோமீட்டர் அகலம். பஸ்ஸுல போற ஒனக்கு அது ரோடு. மேல சோலைக்காட்டுக் குளுருலயே பொறந்து வளந்த குருவிக்கு அது வேகாத வெயிலு, எறங்கிக் கடக்க முடியாது. சோலைக்கிளின்னு ஒண்ணு இருக்கு, பேருதான் கிளி, உள்ளபடி அது தரையில பூச்சி பொறுக்குற நீலக் குருவி. நீலகிரியில இருக்கதுக்கு விலாவுல செம்பு நெறம். பாலக்காட்டுக்குத் தெக்க ஆனைமலை, பழனி மலையில இருக்கதுக்கு அடிவயிறு வெள்ளை. வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து இதுகளை எந்தச் சொந்தத்துல சேக்குறதுன்னு தெரியாம பட்டியலை மாத்தி மாத்தி எழுதிக்கிட்டு இருந்தாக. வி.வி. ராபின்னு ஒரு ஆராய்ச்சிக்காரரு, அவரு பேரும் ஒரு குருவிப் பேருதான், அவரும் கூட்டாளிகளும் ஒவ்வொரு மலையா ஏறி மரபணுவைப் பாத்து, இது இங்கனயே ஒசந்த மலைக்குள்ள கெளைச்ச தனிக் குடும்பம்னு 2017ல எழுதுனாக. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெக்க, அகத்தியமலைப் பக்கம் இருக்கறது அது வரைக்கும் பேரே வைக்காத மூணாவது இனம்னு அப்பத்தான் தெரிஞ்சுச்சு. சிலப்பன்னு சத்தமாக் கத்துற இன்னொரு குருவிக் கூட்டத்துக்கும் இதே கதை. நீலகிரியில ஒண்ணு, பழனியில ஒண்ணு, தெக்குக் கோடியில ஒண்ணு. பழனி மலையில ஏறி நின்னா எதுத்தாப்புல மலை தெரியும், சம்பந்தம்தான் பண்ண முடியாது.

குருவியாச்சும் பரவாயில்ல, தவளை கதையக் கேட்டா நீ சோறு திம்ப. மேற்குத் தொடர்ச்சி மலையில ஊதா நெறத்துல ஒரு தவளை. ஊதி ஒப்புன ஒடம்பு, குட்டைக் காலு, பன்னி மூக்கு. வருசம் பூராம் மண்ணுக்குள்ளயே கெடந்து கரையானைத் தின்னுட்டு, மழை புடிச்சா சில நாள் மட்டும் மேல வரும், அதுவும் கல்யாணத்துக்கு. வந்த சோலி முடிஞ்சதும் மறுபடி மண்ணுக்குள்ள. அதனாலதான் 2003 வரைக்கும் ஆராய்ச்சிக்காரக கையில சரியாச் சிக்கல. அந்த வருசம் பிஜுவும் ஃபிராங்கி போசூய்ட்டும் பேரு வச்சாக. அதுக்குக் கிட்டத்துச் சொந்தம் எங்க இருக்குங்கற? செஷெல்ஸ் தீவுல, நடுக்கடல்ல. தவளை நீந்திப் போகல, நெலந்தான் ஒடைஞ்சு போச்சு. நம்ம நாடும் அந்தத் தீவும் ஒரு காலத்துல ஒட்டிக் கெடந்த பூமி.

இது வரைக்கும் பழைய கதை. 2017ல ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம், மலையோட கெழக்குச் சரிவுல இன்னொரு ஊதாத் தவளையைக் கண்டாக. பாத்தா அண்ணன் தம்பி. காதை வச்சுக் கேட்டா, மேக்குச் சரிவுக்காரன் பொண்ணைக் கூப்பிடுறப்ப ஒரு கூப்பாட்டுல மூணு தட்டு தட்டுவான், கெழக்குச் சரிவுக்காரன் நாலு தட்டு. மூக்கு கொஞ்சம் குட்டை, தலைப்பிரட்டை வாயில வித்தியாசம், மரபணுவுலயும் நல்ல தூரம். கோயம்புத்தூர் சலீம் அலி மையத்துல ஊர்வன, தவளைகளை ஆராய்ஞ்ச பூபதிங்கறவரு அதுக்கு மூணு வருசத்துக்கு முன்னாடி மலையில காலமாயிட்டாரு, அவரு பேரையே வச்சுட்டாக.

சரி, இந்த ரெண்டும் ஏன் பிரிஞ்சுச்சு? நடுவுல மலை ஒசந்தது ஒண்ணு. இன்னொண்ணு மழைன்னு அந்த ஆராய்ச்சிக்காரக கணிக்கிறாக. இதை டெல்லிக்காரனுக்குச் சொன்னா புரியாது, நம்ம ஊரு ஆளுக்கு ஒடனே புரியும். மேக்குச் சரிவுக்கு ஆனி, ஆடியில கொட்டித் தீத்துரும். அந்த மேகம் மலையைத் தாண்டி வர்றப்ப அதுக்கிட்ட காத்து மட்டுந்தான் இருக்கும், ஆடிக்காத்துல நம்ம வாழை படுறபாடுதான் தெரியுமே. கெழக்குச் சரிவு மழை மறைவு, அதுக்கும் நமக்கும் ஐப்பசி, கார்த்திகைதான். இப்ப யோசி. மேக்கால முகூர்த்தம் ஆனியில, கெழக்கால முகூர்த்தம் ஐப்பசியில. ஆனியில ஒரு மாப்பிள்ளை தட்டிக்கிட்டே மலை ஏறி வந்தாலும், இங்கிட்டுப் பொண்ணு மண்ணுக்குள்ள தூங்குது. யாரும் யாரையும் ஒதுக்கல, ஊர்க்கூட்டம் போடல, கௌரவம் பாக்கல. மழை ரெண்டு மாசத்துல பேஞ்சுச்சு, வீடு ரெண்டாச்சு. நீ அந்தப் புள்ளைய எந்த மாசம் பாத்த? தீவாளி லீவுலயா? அப்பச் சரி, மழைப் பொருத்தம் இருக்கு.

இம்புட்டுச் சொல்லிட்டு, பிரிஞ்சா பிரிஞ்சதுதான்னு முடிச்சுட்டா ஒங்கப்பனுக்குச் சாதகமாப் போயிரும். அதனால அந்தா குப்பையக் கிண்டுதுல்ல, அந்த வெடைக்கோழியப் புடிச்சுட்டு வா. மெதுவா. காலைப் பாரு. செதில் செதிலா மஞ்சள் தடவுன மாதிரி இருக்கா? இப்ப அந்தக் கருப்புச் சேவல் காலைப் பாரு, சாம்பல் பூத்துக் கெடக்கு. ஒலகத்துக் கோழி எல்லாத்துக்கும் மூத்தது செவப்புக் காட்டுக்கோழி ஒண்ணேதான்னு டார்வினே எழுதி வச்சாரு. அந்தச் செவப்புக் காட்டுக்கோழி நம்ம பக்கம் கெடையாது, அதுக்குக் காலும் சாம்பல்தான். அப்ப மஞ்சக் காலு எங்கேர்ந்து வந்துச்சு? 2008ல சுவீடன்ல உப்சாலாவுல ஒரு கூட்டம் மரபணுவை நோண்டிப் பாத்து, அந்தச் சரக்கு மட்டும் சாம்பல் காட்டுக்கோழி வீட்டுலேர்ந்து வந்ததுன்னு கண்டுபுடிச்சாக. நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில விடியக்காலம் கூவுமே, அதான்.

வெவரம் இதுதான்: பச்சைத் தழையிலயும் மக்காச்சோளத்துலயும் மஞ்சச் சத்து இருக்கு. சாம்பக் காலுக் கோழி தோலுல அதை வெட்டிப் போடுற வேலையாள் ஒருத்தன் இருக்கான். மஞ்சக் காலுக்காரிக்கு அந்த ஆளு தோலுல மட்டும் வேலைக்கு வர்றதில்ல, மஞ்சள் அப்படியே தங்கிருது. அந்தச் சோம்பேறி ஆளு தெக்கத்திக் காட்டுலேர்ந்து வந்தவன். ரெண்டும் வேற வேற இனம்தான், காட்டுல தனித்தனியாத்தான் இருக்கு. எந்தக் காலத்துலயோ ஒரு ஊருக் கொல்லைப்பக்கத்துல கதவு தெறந்துருக்கு, ஒரு சம்பந்தம் நடந்துருக்கு. இன்னைக்கு ஒலகத்துல பாதிக் கடையில தொங்குற பிராய்லருக்கு மஞ்சத் தோலு. டார்வின் பெரிய மனுசன்தான், கோழியில பாதிதான் புடிச்சாரு. சரி, கோழிய விடு, கொத்தப் போவுது.

வாழையும் அப்படித்தான். காட்டு வாழையில ரெண்டு பெரிய வீடு. ரெண்டுலயும் பழத்துக்குள்ள பல்லை ஒடைக்கிற கொட்டை. ரெண்டும் சம்பந்தம் பண்ணிக்கிட்டதுல மூணு பங்கு மரபணுவோட சிலது வந்துருச்சு. பூவனுக்கும் ரஸ்தாலிக்கும் மொத வீட்டுலேர்ந்து ரெண்டு பங்கு, ரெண்டாவது வீட்டுலேர்ந்து ஒரு பங்கு. மொந்தனுக்கு அது அப்படியே மாறி. மூணை ரெண்டாப் பிரிக்க முடியாது பாரு, அதனால வெதை கட்டாது. நாம அதைத் தின்னு ருசி கண்டுட்டு, பக்கக் கன்னைப் பறிச்சுப் பறிச்சு நட்டு வச்சுக்கிட்டோம். உள்ள கருப்பாப் புள்ளி தெரியுதே, அதுதான் பொறக்காத வெதை. வெதையே கட்டாத மரத்தைப் பந்தக்கால்ல குலையோட கட்டி, "வாழையடி வாழையா"ன்னு நாம வாழ்த்துறோம். அட, நல்ல மனசுதான், வாழ்த்திட்டுப் போகட்டும். எல்லாம் ஒரே மரத்தோட நகலுங்கறதால வாடல் நோய் வந்தா ரஸ்தாலிக் கொல்லை மொத்தமாப் படுத்துரும். புது ரத்தம் வராத வீட்டுக்கு ஒரு சீக்கு போதும். இதை மச்சான் காதுல போட்டு வை, ஆனா நான் சொன்னேன்னு சொல்லாத.

இப்ப மனுசனுக்கு வருவோம். ஒங்கப்பன் கணக்கு என்ன? நம்ம கூட்டம் தனி, தாத்தன் பூட்டன் காலத்துலேர்ந்து வெளிய குடுத்ததில்ல, எடுத்ததில்ல. ஐதராபாத்து மரபணு ஆராய்ச்சிக் கூடத்துக்காரகளும் அமெரிக்காக்காரகளும் சேந்து 2013ல ஒரு கணக்குப் போட்டாக. நம்ம நாட்டுல இன்னைக்கு இருக்க ஏறக்கொறைய எல்லாக் கூட்டமும், ஒசத்தின்னு சொல்றவன், மலையில இருக்கவன் எல்லாருந்தான், 4,200 வருசத்துக்கு முன்னாடியும் 1,900 வருசத்துக்கு முன்னாடியும் நடுவுல தாறுமாறாக் கலந்துருக்காக. அதுக்கப்புறந்தான் கதவைச் சாத்திக்கிட்டது. ஆக ஒங்கப்பன் காவல் காக்குற கதவுக்கு வயசு 1,900 வருசம், 80 தலைமுறைகூட முழுசா ஆகல. அதுக்கு முந்தின பூட்டன் எந்தக் கூட்டத்துல பொண்ணு எடுத்தான்னு அவனுக்கே தெரியாது. இத்தனை நாள் சாத்தி வச்சதுல புது இனம் ஒண்ணும் பொறக்கல. எளைச்ச மரபணு ரெண்டு பக்கமும் ஒண்ணு சேந்து சீக்குத்தான் கூடிப்போச்சு. தெக்க ஒரு சமூகத்துல ஆபரேசன் நேரம் குடுக்குற ஒரு மருந்து ஒடம்பை விட்டு எறங்காமப் படுத்தும், டாக்டருக முன்கூட்டியே கேட்டுக்குவாக. சொந்தத்துக்குள்ளயே சுத்துனதுக்கு அதுதான் மொய்.

இன்னும் பின்னால போ. ஐரோப்பாவுலயும் மேக்கு ஆசியாவுலயும் நியாண்டர்தால்னு ஒரு மனுசக் கூட்டம் இருந்துச்சு. புருவ எலும்பு முன்னால தள்ளி, நெஞ்சு அகலமா, கட்டுமஸ்தான ஆளுக. நமக்கும் அவுகளுக்கும் பாகம் பிரிஞ்சு அஞ்சு லட்சம் வருசத்துக்கு மேல. அம்புட்டுக் காலம் கழிச்சு மறுபடி சந்திச்சப்பக்கூட சம்பந்தம் நடந்து புள்ளை பொறந்துருக்கு. ஆப்பிரிக்காவுக்கு வெளிய இருக்க எல்லார் ஒடம்புலயும் நூத்துக்கு ஏறக்கொறைய ரெண்டு பங்கு அவுக சரக்கு. அந்த எலும்புலேர்ந்து மரபணுவை எடுத்து 2010ல படிச்சுக் காட்டுனவரு ஸ்வாந்தே பேபோ, 2022ல நோபல் குடுத்தாக. ஒங்கப்பன் ஒடம்புலயும் அது இருக்கு. கோவத்துல புருவத்தை நெறிக்கிறப்ப நல்லாவே தெரியும், ஆனா அதுக்கு ஆராய்ச்சி ஆதாரம் எங்கிட்ட இல்ல.

அதனால நீ போயி நேரடியாச் சண்டைக்கு நிக்காத. மொதல்ல கொல்லைக்குத் தண்ணி பாய்ச்சு, ரெண்டு நாள் சொன்ன பேச்சைக் கேளு. ரஸ்தாலிக்கு வாடல் வந்ததைப் பத்தி அவரே பேச்செடுப்பாரு, அப்ப நைசா ஆரம்பி. கோழி வரைக்கும் சொல்லு, தவளை வரைக்கும் சொல்லு. நியாண்டர்தாலை மட்டும் எடுத்துறாத. அது எந்தத் தாலுகான்னு கேப்பாரு. ஆலங்குடித் தாலுகாவைத் தாண்டுனா அவருக்கு எல்லாமே அசலூரு, தென்காசிக்கே இம்புட்டுப் பாடு.